4117-ஆம் வீட்டுப் பூனை

லெம்விக்
14 ஜனவரி 1974

அன்புத் தங்கை ரிக்மோருக்கு,

அக்கா டாக்மார் எழுதுவது. நானும் உன் அத்தானும் நலம். என் முழங்கால் மட்டும் கடல் காற்று திரும்புவதை எனக்கு முன்பே தெரிந்துகொள்கிறது. எண்ணெய்த் தட்டுப்பாட்டில் உன் வால்பி அறையில் எப்படிக் குளிரைச் சமாளிக்கிறாய்? கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி தனியாக அனுப்பியிருக்கிறேன். நிறம் பிடிக்கவில்லை என்று அலமாரியில் வைத்துவிடாதே. காலுக்குக் கண் கிடையாது.

போன வியாழக்கிழமை தோல்பையும் நகரத்து பூட்ஸுமாக ஒரு பெண் வந்தாள். மழையில் நிற்கிறாளே என்று உள்ளே கூப்பிட்டது என் தப்பு. என்ன சோப்பு, எத்தனை நாளைக்கு ஒரு கட்டி வெண்ணெய், காபி யார் வாங்குவது என்று தொடங்கினாள். எங்கள் கல்யாணத்தை நடத்தி வைத்த பாதிரியார்கூட இவ்வளவு கேட்கவில்லை.

“எதுக்கும்மா இதெல்லாம்?” என்றேன்.

“பொருள் செய்யறவங்க ஜனங்களைப் புரிஞ்சுக்கணும். அதுக்குத்தான்.”

“என் புருஷனுக்கே இருபத்தாறு வருஷமா என்னைப் புரியல. வெண்ணெய்க்காரனுக்கு என்ன அவ்ளோ அவசரம்?”

அவள் சிரித்துவிட்டு எதையோ எழுதிக்கொண்டாள். என்ன எழுதினாள் என்று எட்டிப் பார்த்தேன், கையால் மறைத்துக்கொண்டாள். நம் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு நமக்கே மறைப்பாளாம்.

வீட்டுக்கு வாங்கும் எல்லாவற்றையும் வாராவாரம் ஒரு கட்டம் போட்ட தாளில் எழுதி அனுப்ப வேண்டுமாம். நான் முடியாது என்றுதான் சொல்ல இருந்தேன். உன் அத்தான் எஸ்கில்தான் குறுக்கே வந்தார். எங்கள் ஊர்ச் சின்ன ரயிலில் முப்பது வருஷமாக டிக்கெட் பார்க்கிற மனிதர்; கட்டம் போட்ட தாளைக் கண்டால் அவருக்குக் கை துறுதுறுக்கும்.

“நான் வேலைக்குப் போற ஊர்ல ஏதாவது வாங்கினா அதையும் எழுதணுமா?” என்று கேட்டார்.

“எல்லாமே எழுதணும் சார். யார் வாங்கினாலும், எங்க வாங்கினாலும். ஒரு ரசீது விட்டுப்போச்சுன்னாலும் கணக்கு பொய்யாயிடும்.”

அன்றே ஒரு காலிச் சுருட்டுப் பெட்டியில் ‘ரசீதுகள்’ என்று எழுதி, வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டிவிட்டார். இருவரும் ரசீதுகளை அதில் போட வேண்டும். சனிக்கிழமை நான் தாளில் எழுதி அஞ்சலில் சேர்க்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு இனி பெயர் இல்லை, எண் 4117. வருஷக் கடைசியில் ஆறு காபிக் கோப்பைகள் தருவார்களாம்.

தாளின் தலைப்பில் இருப்பது உன் ஆபீஸ் பெயர் போலத் தெரிகிறதே? நான் என்ன தின்கிறேன் என்று படிக்கப் போவது நீயா? அப்படியென்றால் இப்போதே சொல்லிவிடு.

அத்தான் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

உன் அக்கா
டாக்மார்


கோபன்ஹேகன், வால்பி
22 ஜனவரி 1974

அன்புள்ள அக்காவுக்கு,

காலுறை வந்தது. கடுகு நிறம்தான் என்றாலும் இதை எழுதும்போது அதைத்தான் போட்டிருக்கிறேன். எனக்கு லேசான இருமலைத் தவிர வேறு குறையில்லை. உன் முழங்காலுக்கு ஆட்டுத் தோல் கட்டிப் பார்த்தாயா?

எங்கள் ஆபீசேதான். ஆனால் பயப்படாதே. நான் இரண்டாம் மாடியில் பஸ் பயணிகளிடம் எடுத்த பேட்டிகளைக் கூட்டிப் பெருக்குகிறவள். வீட்டுத் தாள்கள் போவது நான்காம் மாடிக்கு. அங்கேயும் யாருக்கும் பெயர் தெரியாது, எண் மட்டும்தான். விதிப்படி ஊழியர்களின் சொந்தக்காரர் வீடு இதில் சேரக்கூடாது. சொன்னால் உன்னை எடுத்துவிடுவார்கள், கோப்பைகளும் போய்விடும். அதனால் நானும் வாயைத் திறக்கவில்லை.

உனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம். நீ வாங்கும் ஓட்ஸ் ஏன் சின்னப் பாக்கெட்டில் வருகிறது தெரியுமா? முன்பு பெரிய பாக்கெட் மட்டும்தான் இருந்தது. உங்கள் பக்கம் அது விற்கவேயில்லை. மேற்குக் கரைக்காரர்களுக்கு ஓட்ஸ் பிடிக்காது என்று முதலாளி முடிவே கட்டிவிட்டார். தாள்களைப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது: பாதி வீடுகளில் பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்டார்கள், இருப்பது இரண்டே பேர். பெரிய பாக்கெட் பாதியிலேயே பூச்சி பிடித்துவிடுகிறது. உன்னைப் போல ஒருத்தி உட்கார்ந்து எழுதியதால்தான் உனக்குச் சின்னப் பாக்கெட் கிடைத்தது. எனக்கு இந்த வேலை பிடித்திருப்பது இதனால்தான்.

உன் தாள் என் கைக்கு வராது. வந்தாலும் படிக்க மாட்டேன், சத்தியம். அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தங்கை
ரிக்மோர்


கோபன்ஹேகன், வால்பி
18 மார்ச் 1974
(அனுப்பாதது)

அக்கா,

இந்தக் கடிதத்தை நான் அனுப்பப் போவதில்லை. யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருப்பதால் எழுதுகிறேன்.

இந்த மாதம் முதல் தேதி என்னை நான்காம் மாடிக்கு மாற்றினார்கள். கையில் கொடுத்த கட்டு மேற்குக் கரை. மூன்றாவது தாளிலேயே, எண்ணைப் பார்க்கும் முன்பே, உன்னைக் கண்டுபிடித்துவிட்டேன். ‘கறுப்பு ரொட்டி, நேற்றையது’. புது ரொட்டி வாங்கினால் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று நேற்றைய ரொட்டி கேட்டு வாங்குகிறவள் இந்த நாட்டில் நீ ஒருத்திதான். அதை ஒளிக்காமல் எழுதுகிறவளும் நீ ஒருத்திதான்.

அப்போதே எழுந்து மேலாளர் திருமதி ஓல்ரிக்கிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முதலில் வெறும் ஆசை. ஜனவரித் தாள்களையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊதாப்பூ வாசனை முக க்ரீம்! பாதாம் வைத்த சாக்லேட் பெட்டி! ஐம்பத்திரண்டு வயதில் அக்கா தன்னைக் கவனித்துக்கொள்கிறாளே என்று உட்கார்ந்த இடத்திலேயே சிரித்துவிட்டேன்.

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பிப்ரவரி 15: பல் துலக்கி, ஒன்று. அதற்குப் பிறகு பைப் புகையிலை இல்லை. பீர் இல்லை. சவர பிளேடு இல்லை. ரொட்டி பாதியாகிவிட்டது. க்ரீமும் இல்லை. நான்கு வாரமாக ஓட்ஸ், பால், உருளைக்கிழங்கு.

ஆனால் பிப்ரவரி கடைசியில் நீ எழுதிய கடிதத்தில் அத்தான் பன்றி வறுவலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் என்றாய். எந்தப் பன்றி? எந்தக் கடையில் வாங்கினாய்?

புதுப் பல் துலக்கி எதற்கு வாங்குவார்கள்? ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுதான். அத்தானுக்கு வயிற்றில் ஏதோ. நீ என்னிடம் மறைக்கிறாய். எனக்கு அவரைப் பிடிக்காது என்பதால் மறைக்கிறாய்.

ரி.


கோபன்ஹேகன், வால்பி
20 மார்ச் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. வேலையும் வழக்கம்போல. நீங்கள் இருவரும் சௌக்கியம்தானே?

அத்தானின் பைப் இன்னும் ரயில் எஞ்சின் மாதிரி புகைகிறதா? அவருடைய பிறந்தநாளுக்கு ஒரு நல்ல புகையிலை அனுப்பலாம் என்று நினைத்தேன். அவருக்குச் சாப்பாடு எப்படி? இந்த வயதில் ஆண்களுக்கு வயிறு கெடுவது சகஜம். ஏதாவது இருந்தால் என்னிடம் சொல்லலாம் அக்கா. நான் அவரைப் பற்றி முன்பு பேசியதெல்லாம் சின்ன வயதில் பேசியது.

உன் தங்கை
ரிக்மோர்


லெம்விக்
2 ஏப்ரல் 1974

அன்புத் தங்கை ரிக்மோருக்கு,

இங்கே யாவரும் நலம். இருமல் போனது பற்றி மகிழ்ச்சி.

உனக்கு என்ன திடீரென்று அத்தான் மேல் இவ்வளவு கரிசனம்? அவர் குதிரை மாதிரி இருக்கிறார். பைப் புகையில் ஜன்னல் திரை மஞ்சளாகிவிட்டது, நேற்றுதான் துவைத்துப் போட்டேன். முட்டைக்கோஸும் வறுவலுமாக வெளுத்துக் கட்டுகிறார். இதை எழுதும்போது சாய்வு நாற்காலியில் வாயைப் பிளந்து தூங்குகிறார், வாயில் ஈ போவதுதான் பாக்கி. புகையிலை அனுப்ப வேண்டாம். இங்கேயே நிறைய இருக்கிறது.

உன் அக்கா
டாக்மார்


கோபன்ஹேகன், வால்பி
30 ஏப்ரல் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலம் என்றே எழுதுவாய் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை.

அக்கா, ஓட்ஸ் கஞ்சியை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும்? பாதி ரொட்டி இரண்டு பேருக்கு எப்படிப் போதும்? கொஞ்சம் ஈரல், கொஞ்சம் மீன் வாங்கு. அத்தானை டாக்டரிடம் காட்டு. அவரைக் காட்ட முடியாத நிலைமை என்றால் அதையாவது எழுது. இரவெல்லாம் இதே நினைப்பாக இருக்கிறது.

உன் தங்கை
ரிக்மோர்


லெம்விக்
9 மே 1974

ரிக்மோருக்கு,

நலம். இந்த வருஷம் ஹெரிங் மீன் சீக்கிரம் வந்துவிட்டது. தோட்டத்தில் ருபார்ப் முளைத்துவிட்டது. அடுத்த வீட்டுக்காரர் வேலிக்குப் பச்சை வர்ணம் அடித்திருக்கிறார், சகிக்கவில்லை.

வேறு விசேஷம் இல்லை.

டாக்மார்


கோபன்ஹேகன், வால்பி
3 ஜூன் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சின்னக் கடிதம் கிடைத்தது. கோபமா என்று யோசித்து யோசித்து, முழங்கால் வலியாக இருக்கும் என்று முடிவு செய்துகொண்டேன்.

ஒரு நல்ல செய்தி. எனக்கு ஜூன் கடைசியில் பத்து நாள் விடுமுறை. கோடைத் தீ கொளுத்தும் நாளுக்கு அங்கே வந்துவிடலாம் என்றிருக்கிறேன். அத்தானையும் பார்த்த மாதிரி இருக்கும். எனக்கு உப்பு அதிமதுர மிட்டாய் வாங்கி வைக்க மறக்காதே.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். வீட்டில் பூனை ஏதும் வளர்க்கிறாயா? பூனை மயிர் பட்டால் எனக்கு மூச்சு அடைக்கும் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். இருந்தால் அந்தப் பத்து நாளைக்கு மட்டும் அடுத்த வீட்டில் விட்டு வைக்க முடியுமா?

அன்புடன்
ரிக்மோர்


லெம்விக்
10 ஜூன் 1974

ரிக்மோருக்கு,

இந்த வீட்டில் பூனை இல்லை. என்றைக்கும் இருந்ததில்லை.

ஏப்ரல் கடைசியில் நீ ‘பாதி ரொட்டி’ என்று எழுதினாய். நான் எந்தக் கடிதத்திலும் ரொட்டி பற்றி எழுதவில்லை. என் கடிதங்கள் உனக்குப் போகும் முன் ஒருமுறைக்கு மூன்று முறை படித்துப் பார்க்கிறவள் நான். முதலில் கடைக்காரி மேல் சந்தேகப்பட்டேன். பிறகு அஞ்சலகத்துப் பெண் மேல். அவளிடம் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை, பாவம். கடைசியில் பென்சிலை எடுத்து, மே மாதம் மூன்றாம் வாரத் தாளில் எழுதினேன்: பூனை உணவு, ஆறு டப்பா. வாங்காத பொருள். அந்தத் தாளில் நான் எழுதிய ஒரே பொய் அதுதான்.

அந்தப் பூனையைப் பற்றித் தெரிந்தது இரண்டு பேருக்கு. ஒன்று நான். இன்னொன்று என் தாளைப் படிக்கிறவர்.

சத்தியம் செய்தாயே, ரிக்மோர். வேலியே பயிரை மேய்கிற கதையாக, நீயே என் அடுப்படியில் நுழைந்து மூன்று மாதம் என் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். பார்த்துக்கொண்டே ஒன்றும் தெரியாதவள் மாதிரி ‘அத்தான் பைப் புகைகிறதா’ என்று கேட்டிருக்கிறாய். நானும் உன்னை நம்பி உட்கார்ந்து பதில் எழுதியிருக்கிறேன். நினைத்தால் உடம்பு கூசுகிறது.

தீ கொளுத்தும் நாளுக்கு நீ வர வேண்டாம்.

டாக்மார்


கோபன்ஹேகன், வால்பி
17 ஜூன் 1974

அக்கா,

நீ நலமா என்று கேட்கும் உரிமையை இழந்துவிட்டேன். இருந்தாலும் கேட்கிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் காலை திருமதி ஓல்ரிக்கின் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

“எத்தனை வாரமா?” என்று கேட்டாள்.

“பதினாலு.”

“ரிக்மோர், அந்த ஜனங்க நம்ம கிட்ட ஏன் உண்மை எழுதறாங்க தெரியுமா? நம்மை அவங்களுக்குத் தெரியாது. நமக்கும் அவங்களைத் தெரியாது. அது ஒண்ணுதான் நம்ம கைமுதல்.”

“என் அக்கா கஷ்டத்துல இருக்கா மேடம்.”

“அப்போ அக்காவுக்கு லெட்டர் போட்டுக் கேட்டிருக்கணும். தாளைப் பாத்திருக்கக் கூடாது.”

“கேட்டா சொல்ல மாட்டா.”

“சொல்லாம இருக்கறது அவங்க இஷ்டம் இல்லையா?”

என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. அடித்தளத்தில் உறை பிரிக்கிற இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். உன் வீட்டைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள், கடிதம் வரும். உன் கோப்பைகள் என்னால் போய்விட்டன.

நான் பார்த்தது தப்பு. ஆனால் ஏளனமாகப் பார்க்கவில்லை. அத்தானுக்குச் சாகிற வியாதி என்று நினைத்தேன். இருபத்தாறு வருஷமாக எனக்குப் பிடிக்காத அந்த மனிதருக்காக ஆபீஸ் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவருக்கு என்னதான் ஆயிற்று அக்கா?

ரிக்மோர்


கோபன்ஹேகன், வால்பி
1 ஆகஸ்ட் 1974
(அஞ்சலட்டை)

அக்கா, ஆறு வாரமாகிறது. சௌக்கியம் என்று ஒரு சொல் எழுதினால் போதும். பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை. ரி.


லெம்விக்
8 செப்டம்பர் 1974

ரிக்மோருக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. அதில் பொய் இல்லை.

மூன்று மாதம் உனக்கு எழுதக் கூடாது என்றிருந்தேன். நேற்று வாசலில் மாட்டியிருந்த சுருட்டுப் பெட்டியைக் கழற்றினேன், ஆணியோடு சுவரின் சுண்ணாம்பும் பெயர்ந்து வந்தது. ஓட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு உனக்கு எழுதலாம் என்று தோன்றியது.

எஸ்கிலுக்கு வியாதி இல்லை. அந்த ஆள் தீபொரோனில் இருக்கிறான், ரயிலின் கடைசி ஸ்டேஷனில். அங்கே பத்திரிகைக் கடை வைத்திருக்கும் கார்லா என்ற விதவையோடு. இரண்டு வருஷமாகவாம். ஊரில் எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கவில்லை.

எப்படித் தெரிந்தது என்று கேள். உன் ஆபீஸ்தான் காட்டிக் கொடுத்தது. ஜனவரியில் பெட்டி மாட்டிய பிறகு வந்த முதல் சனிக்கிழமை அதைத் திறந்து ஒவ்வொரு ரசீதாக எடுத்து எழுதினேன். தீபொரோன் கடை ரசீது ஒன்று: ஊதாப்பூ முக க்ரீம். எனக்கு வாங்கி ஒளித்து வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். பிப்ரவரியில் என் பிறந்தநாள் வருகிறதே! அந்தச் சந்தோஷத்தில் தாளில் எழுதும்போதுகூட வாய்விட்டுப் படிக்காமல் எழுதினேன். அடுத்து ஒரு சாக்லேட் பெட்டி. மறுபடி க்ரீம். பிறந்தநாள் வந்தது, போனது. எனக்குக் கிடைத்தது ஒரு தரைத் துடைப்பான்.

அன்று சாப்பாட்டு மேசையில் ரசீதுகளை வரிசையாக வைத்தேன்.

“இது யாருக்கு?”

“எது?”

“க்ரீம். ரசீது வீட்டுக்கு வந்திருக்கு. க்ரீம் வரலையே.”

உருளைக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டே இருந்தான்.

“ஏன்யா, திருட்டுத்தனம் பண்றவன் ரசீதையா கொண்டுவந்து பெட்டியில போடுவான்?”

“எல்லா ரசீதையும் போடணும்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சே.”

“அதுக்காக?”

“ஒண்ணு விட்டாலும் கணக்கு பொய்யாயிடும்னாங்கல்ல? நீ எழுதிக்குவே, அவ்வளவுதான்னு நெனச்சேன். எழுதறதுக்குத்தானே அது. கேள்வி கேக்கறதுக்கா?”

ரிக்மோர், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், சிரித்தேன். கட்டிய பெண்டாட்டியிடம் இரண்டு வருஷம் வாய் கூசாமல் பொய் சொன்னவனுக்கு, முகம் தெரியாத ஒரு ஆபீசுக்குப் பொய்க் கணக்கு அனுப்ப மனம் வரவில்லை. டிக்கெட் இல்லாமல் ஏறியவனைப் பிடித்துப் பிடித்தே வாழ்ந்த புத்தி. சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. அழுது முடித்ததும் வெளியே போ என்றேன். மறுநாள் போனான். போகிற அன்று வாங்கிய பல் துலக்கியின் ரசீதையும் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போனான். நான் அதையும் எழுதினேன்.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்றால், என் கல்யாணத்தன்று தேவாலய வாசலில் நீ சொன்னாயே: “ரயில்காரனை நம்பாதக்கா, ஒரு ஸ்டேஷன்ல ஏறி இன்னொண்ணுல இறங்கிடுவான்.” உனக்கு அப்போது இருபது வயது. விளையாட்டாகச் சொன்னாய். அந்த ஒரு வாக்கியத்தைப் பொய்யாக்க நான் இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். அவன் போனதைவிட, நீ சொன்னது பலித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. அதனால் உன் கடிதங்களில் அவனை நாற்காலியில் உட்கார வைத்துச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.

தாளில் அப்படி இல்லை. அங்கே என்னைத் தெரிந்தவர் யாரும் இல்லை. பாதி ரொட்டி என்றால் பாதி ரொட்டி. வாரம் முழுவதும் பசிக்கவில்லை என்றால் அதுவும் அப்படியே அதில் இருக்கும். எழுதி உறையை ஒட்டியதும் நெஞ்சு லேசாகும். சனிக்கிழமைக்குக் காத்திருப்பேன். நீ எடுத்துக்கொண்டது அதைத்தான். கோப்பைகளை அல்ல.

‘நான் அப்போதே சொன்னேன்’ என்று மட்டும் எழுதாதே. எழுதினால் இதுவே என் கடைசிக் கடிதம்.

டாக்மார்


கோபன்ஹேகன், வால்பி
16 செப்டம்பர் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு நலம் என்றதை நம்புகிறேன். எனக்கும் குறையில்லை.

தேவாலய வாசலில் சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை. உன் அழகான உடையைப் பார்த்துப் பொறாமையில் ஏதாவது உளறியிருப்பேன். அக்கா போனால் வீட்டில் நான் தனியாகிவிடுவேனே என்றுதான் அன்று அழுதேன். அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அந்த உளறலை நீ இத்தனை வருஷம் சுமப்பாய் என்று தெரிந்திருந்தால் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

நானூறு வீட்டுத் தாள்களைப் படித்தவள், ஒரு வீட்டைப் பட்டியலைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொண்டவள் நான். க்ரீமைப் பார்த்து அக்கா அலங்காரம் செய்துகொள்கிறாள் என்று சந்தோஷப்பட்டேன். பல் துலக்கியைப் பார்த்து ஆஸ்பத்திரி என்றேன். பூனை இல்லாத வீட்டில் பூனையைக் கண்டு மூச்சு முட்டினேன். எல்லாமே தப்பு. என்ன வாங்கினார்கள் என்பதைத்தான் தாள் சொல்லும். யாருக்காக என்று வீட்டுக்காரி சொன்னால்தான் உண்டு.

இப்போது எனக்குத் தாளும் இல்லை, கட்டும் இல்லை. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் கேட்கிறேன்: நான் வரலாமா? வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எழுது.

உன் தங்கை
ரிக்மோர்


(லெம்விக் முத்திரை, 14 அக்டோபர் 1974. உறைக்குள் கடிதம் இல்லை. கட்டம் போட்ட வாராந்திரத் தாள் ஒன்று, பென்சிலால் நிரப்பப்பட்டது.)

வீட்டு எண்: 4117 (நீக்கப்பட்டது. மிச்சத் தாள் வீணாகக் கூடாது.)

கறுப்பு ரொட்டி, முழுசு. குறிப்பு: இன்றையது.

காபி, கால் கிலோ. குறிப்பு: பழைய கோப்பைகளே போதும்.

பன்றி வறுவலுக்கு இறைச்சி, ஒரு கிலோ. குறிப்பு: இந்த முறை நிஜப் பன்றி.

உப்பு அதிமதுர மிட்டாய், இரண்டு பை. குறிப்பு: இந்த வீட்டில் யாரும் தின்பதில்லை.

முக க்ரீம், ஊதாப்பூ வாசனை, ஒன்று. குறிப்பு: எனக்கு.

சுண்ணாம்பு, சிறிய டப்பா. குறிப்பு: வாசல் சுவர் ஓட்டைக்கு.

தலையணை உறை, ஒன்று. குறிப்பு: சனிக்கிழமை மத்தியான வண்டி. வெம்பில் இறங்கிச் சின்ன ரயிலுக்கு மாறு. டிக்கெட் கேட்பவனிடம் டிக்கெட்டை மட்டும் காட்டு, வேறு எதையும் காட்டாதே.

வீட்டில் இருப்பவர்கள்: 1. சனிக்கிழமை முதல் 2.

பூனை: இல்லை.